பாரதியார் எதிர்பார்த்த பதில்

1920-ம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியார் தம் நண்பர்களுக்கும் தேசாபிமானிகளுக்கும் ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். புதுச்சேரி வாசத்தில் தாம் எழுதிக் குவித்த கையெழுத்துப் பிரதிகளெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன என்றும், அவற்றை 40 நூல்களாக வகுத்து, நூல் ஒன்றுக்கு 10,000 பிரதி வீதம் அச்சிடப் போவதாகவும் அதில் தெரிவித்தார். முதற் செலவு 20,000 ரூபாய் ஆகும். ஆளுக்கு நூறு ரூபாயாவது கடனாக அனுப்பி உதவ வேண்டும். முத்திரை ஒட்டிய பிராமிஸரி நோட்டு எழுதித் தருவதாகவும், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி கொடுப்பதாகவும் வாக்களித்தார். கடிதம் போயிற்று. கவி பதிலுக்குக் காத்திருந்தார்.

பாரதியாரின் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் இந்தக் கடிதத்தை ஒரு வரியில் கடந்து போவது வழக்கம். அவருடைய சிறைவாசம், புதுச்சேரி அஞ்ஞாதவாசம், திருவல்லிக்கேணி யானை ஆகியவற்றையே விரித்துரைப்பார்கள். அவரை வதைத்தது சர்க்கார் மட்டுமே என்று நினைத்துக்கொண்டால் நமக்கு மனம் லேசாகிறது. ஆனால் இந்தக் கடிதம் சர்க்காருக்கு எழுதப்பட்டதன்று; நம்மவர்க்கு எழுதப்பட்டது. ஆகையால் அதன் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறோம். அக்கதை மதுரையிலிருந்து தொடங்குகிறது.

1882-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்தில் பிறந்த சுப்பையா, ஐந்தாம் வயதில் தாயை இழந்தவர். பதினொரு வயதில் சமஸ்தானப் புலவர் சபையில் பாரதி என்ற பட்டம் பெற்றவர். 1897-ல் கடையத்துச் செல்லம்மாளை மணந்தார். மறு வருஷமே தகப்பனார் சின்னசாமி ஐயரையும் இழந்தார். காசிக்குச் சென்று அத்தை குப்பம்மாள் வீட்டில் தங்கிப் படித்தார். திரும்பி வந்து எட்டயபுரம் ஜமீனில் சிலகாலம் உத்தியோகம் பார்த்தார். அரசருக்குப் பத்திரிகை வாசித்துச் சொல்லுவதும் சபையில் வித்வான்களுடன் பொழுது போக்குவதுமாகிய அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. 1904-ல் மதுரை வந்து சேர்ந்தார்.

அந்த நாளில் மதுரை, தமிழ்ப் பயிருக்கு மறுபடியும் நீர் பாய்ந்துகொண்டிருந்த ஊர். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் அங்கே தமிழ்ச் சங்கத்தை நிறுவியிருந்தார். மறு வருஷம் சங்கத்தின் 'செந்தமிழ்' பத்திரிகை தோன்றியது. சங்கத்துக்குத் துணை நின்ற ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி 1903 டிசம்பரில் காலமான துக்கம் ஆறாத சமயம். சேதுபதிகளின் பெயர் தாங்கிய உயர்தரப் பாடசாலை வடக்கு வெளி வீதியில் நடந்து வந்தது. அதில் தமிழ்ப் பண்டிதராயிருந்த சோழவந்தான் அரசஞ் சண்முகனார் விடுமுறையில் சென்றபோது, அவருடைய ஸ்தானத்தில் பாரதியார் தற்காலிகமாக அமர்த்தப்பட்டார். மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். 1904 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் நவம்பர் 10-ந் தேதி வரையில், சுமார் நூறு நாட்கள், அவர் அங்கே பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்தார்.

பாடசாலையில் சேருவதற்கு ஒரு மாதம் முன்னால், 1904 ஜூலையில், மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபாநு' என்னும் மாதப் பத்திரிகை அவருடைய 'தனிமை இரக்கம்' என்ற பாட்டை வெளியிட்டது. அச்சில் ஏறிய அவருடைய முதற் பாட்டு அதுவே. இன்று அதைப் படிக்கிறவர்களுக்கு இது பாரதியார் பாட்டுத்தானா என்று சந்தேகம் உண்டாகும். அத்தனை கரடுமுரடான பழம்புலவர் நடை அது. பிற்காலத்தில் குழந்தையும் பாடும்படி எழுதிய கவி, அப்போது பண்டிதர்கள் மெச்சும்படி எழுதினார். அது கிடக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது, இருபத்தோரு வயதுள்ள, பெயர் தெரியாத ஒரு வாலிபர் அனுப்பிய பாட்டை மதுரையில் ஒரு சிறு பத்திரிகை ஏற்று அச்சிட்டது என்பதே. தாம் அனுப்பிய எழுத்துக்கு அவர் முதன்முதலாகப் பெற்ற நல்ல பதில் மதுரையிலிருந்து வந்தது.

அவ்வருஷ முடிவிலேயே 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று உதவியாசிரியராக வைத்துக்கொண்டார். அதன் பின் நடந்தவை நம் வாசகர்களுக்குத் தெரிந்தவை. வங்காளப் பிரிவினை, சுதேசியக் கிளர்ச்சி, சூரத் காங்கிரஸ், 'இந்தியா' பத்திரிகை என்று நான்கு வருஷத்தில் ஒரு யுகம் ஓடிற்று. அதில் ஒரு சம்பவம் மட்டும் நம் விஷயத்தைச் சேர்ந்தது. 1907-ல் நிதானக் கட்சித் தலைவரான வி. கிருஷ்ணசாமி ஐயர், தீவிரக் கட்சிக்காரரான பாரதியாரின் பாட்டைக் கேட்டு உருகி, சில தேசியப் பாடல்களைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். கட்சி வேறுபாடு அவருடைய பணப்பையை மூடவில்லை. பதிலும் தாமதமாகவில்லை. பின்னாளில் பாரதியார் தம் நூல்களுக்கு ஆயிரக் கணக்கில் பிரதிகள் கணக்கிட்டது வீண் ஆசை என்று பேசுகிறவர்கள், அவருடைய பாட்டு ஒரே தடவையில் பதினையாயிரம் கைகளுக்குச் சென்றதுண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1908-ல் அவர் புதுச்சேரிக்குப் போனார். 1910-ல் 'இந்தியா' நின்றது. அதற்குப் பிந்திய எட்டு வருஷங்களிலேதான் அவருடைய பெரிய நூல்களெல்லாம் உண்டாயின. 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', வசன கவிதைகள், கதைகள், கட்டுரைகள் எனக் காகிதக் கட்டுகள் வளர்ந்துகொண்டே போயின. அச்சுக்கோ வழியில்லை. 1912-ல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற் பாகம் மட்டும் புதுச்சேரியில் வெளிவந்தது. அக்காலத்து மதுரை ஜில்லாவைச் சேர்ந்த வத்தலக்குண்டில் பிறந்த வீரர் சுப்பிரமணிய சிவா, சிறையிலிருந்து மீண்டபின் நடத்திய 'ஞானபாநு'வில் பாரதியாருக்கு இடம் கொடுத்தார். 1917-ல் பரலி சு. நெல்லையப்பர் சென்னையில் 'கண்ணன் பாட்'டை அச்சிட்டார். நெல்லையப்பரிடம் செல்வம் இல்லை, பக்தி இருந்தது. பாரதியாருக்கு உதவியவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இப்படியே இருக்கும்: கையில் காசில்லாதவர்கள் கொடுத்தார்கள். 'சின்னச் சங்கரன் கதை' என்னும் நகைச்சுவை நூலின் முழுக் கையெழுத்துப் பிரதியோ புதுச்சேரியிலேயே களவு போயிற்று. இன்று நம் கையில் எஞ்சியிருப்பவை சில அத்தியாயங்களே. அச்சேறாமல் பெட்டியில் கிடக்கும் எழுத்துக்கு நேரக்கூடிய ஆபத்து அது.

1918 நவம்பர் 20-ந் தேதி புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் அவரைக் கைது செய்து கடலூரில் அடைத்தார்கள். டிசம்பர் 14-ந் தேதி விடுதலையானார். ஆனால் அந்த விடுதலையில் நிபந்தனைகள் இருந்தன. திருநெல்வேலி ஜில்லாவில் குறித்த இடங்களில்தான் வசிக்க வேண்டும். ராஜீய விஷயத்தில் தலையிடலாகாது. எழுதுவதைப் பிரசுரத்துக்கு முன் ரகசியப் போலீஸ் இலாகாவின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டின் மகாகவிக்குக் கிடைத்த முதல் வாசகர் ஒரு போலீஸ் அதிகாரி என்று ஆயிற்று! அவர் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். 1920-ல்தான் அந்தத் தடைகள் நீங்கின.

கடையத்தில் மனைவியின் ஊரில் இருந்துகொண்டு பாரதியார் கையெழுத்துப் பிரதிகளுக்குப் பிழைக்கும் வழி தேடினார். முதலில் பழைய வழியைப் பார்த்தார். 1919 மே 2-ந் தேதி எட்டயபுரம் அரசர் வெங்கடேச ரெட்டப்ப பூபதிக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். அந்நியர்கள் தமிழைச் சுவையற்ற மொழி என்று பேசிய பழி தம் பாட்டால் நீங்கியதை எடுத்துச் சொல்லி, அரசவைக்குரிய மரியாதையை உரிமையோடு கேட்ட பாட்டு அது. பரிசு வரவில்லை. அதே வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி மறுபடியும் எழுதினார். எட்டயபுரம் அரச வமிச சரித்திரமாகிய 'வம்சமணி தீபிகை' பிழை மலிந்த நடையில் இருப்பதால் அதைத் திருத்தி நல்ல வசனத்தில் எழுதித் தருவதாகத் தெரிவித்தார். உலகத்துக்கெல்லாம் பாடிய கவி ஒரு ஜமீனின் வமிச வரலாற்றைப் பிழை திருத்தித் தருவதாகக் கேட்கும்படி ஆனது அவருக்கு இழிவா, கேட்கப்பட்டவர்களுக்கு இழிவா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். அந்த வேலையும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

சர்க்காரின் கோபத்துக்கு ஆளான ஒருவரை ஆதரித்தால் தம் பட்டத்துக்கு அபாயம் வரும் என்று ஒரு ஜமீன்தார் அஞ்சினால் அது புரிந்துகொள்ளக் கூடியதே. அஞ்சாத பிரபுக்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். பாண்டித்துரைத் தேவர், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கே தலைவராயிருக்கத் துணிந்தவர். அவர் 1911-ல் மறைந்துவிட்டார். மதுரைச் சீமையில் புலவன் கதவைத் தட்டினால் திறக்கக்கூடிய வீடுகள் 1920-க்குள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. செட்டிநாட்டில் மட்டும் ஒளி இருந்தது. 1919 கடைசியில் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் சென்றபோது, வை. சு. சண்முகம் செட்டியார் அவரைத் தம்மோடு தங்கிவிடும்படியே வேண்டினார். இந்து மதாபிமான சங்கத்து இளைஞர்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஆயினும் கவி ஒரு பிரபுவின் ஆதரவில் நிலையாகத் தங்க இசையவில்லை. எட்டயபுரத்தில் கற்ற பாடம் போதும் என்று நினைத்திருக்கலாம்.

இதன் பிறகே அவர் புதிய வழியைக் கையாண்டார். ஒரு அரசனை விட்டு ஜனங்களைப் பார்த்துக் கேட்டார். அந்தச் சுற்றுக் கடிதத்தின் விசேஷம் இதுதான். அதில் பிச்சை இல்லை. வியாபாரக் கணக்கு இருக்கிறது. கணக்கைச் சரிபார்ப்போம். 40 நூல்கள், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் என்றால் மொத்தம் 4 லட்சம் பிரதிகள். பிரதி ஒன்றுக்குச் சராசரி அரை ரூபாய் விலை என்று வைத்தார். எல்லாம் விற்றால் 2 லட்சம் ரூபாய். ஒரு வருஷத்தில், அதிகம் போனால் இரண்டு வருஷத்தில், செலவு போக ஒன்றரை லட்சம் லாபம் நிற்கும் என்று எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீடுதோறும் சாதாரணமாகப் பரவும் என்பது அவருடைய உறுதி. விற்பனை விஷயத்தில் அவருடைய கணக்கு மிகையானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுத்தறிந்தவர் பத்தில் ஒருவரும் இல்லாத மாகாணத்தில் இரண்டே வருஷத்தில் நான்கு லட்சம் புத்தகம் விற்பது நடக்கக்கூடியதன்று. மாதம் இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு இருபத்துநாலு. எந்த அச்சுத் தொழிலும் அந்த வட்டியைத் தாங்காது.

ஆனால் முதல் தேடும் விஷயத்தில் அவர் கேட்டது அதிகமா? ஆளுக்கு நூறு ரூபாய் வீதம் இருநூறு பேர் போதும். நாற்பது நூல்களையும் ஒரே சமயத்தில் வேண்டாம், நான்கு நூல்களை மட்டும் முதலில் போடுவோம் என்று யாரேனும் யோசனை கூறியிருந்தால் இருபது பேரே போதும். வைகைக் கரைப் பஞ்சு வியாபாரத்திலும், நெல் மண்டிகளிலும், வக்கீல் தொழிலிலும் ஆயிரக் கணக்கில் புரட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒத்துழையாமை இயக்கம் உதயமாகிக்கொண்டிருந்தது. கூட்டந்தோறும் தொடக்கத்தில் பாரதியார் பாட்டைப் பாடினார்கள். மதுரையில் ஸ்ரீநிவாஸவரதன் போன்ற தேசபக்தர்கள் வீதிகளில் அப்பாடல்களைப் பாடிச் சென்றார்கள். அவருக்கும் பாரதியார் தம் நூல் முயற்சி பற்றி எழுதியதுண்டு. ஆனால் பாடிக்கொண்டு போனவர்களிடம் பணமில்லை. வீட்டுத் திண்ணையில் நின்று கேட்டவர்களிடம் இருந்தது. பாட்டு இலவசமாகக் காதில் விழும்போது புத்தகத்துக்கு எதற்காக நூறு ரூபாய் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். தேவைப்பட்ட பணம் சேரவில்லை.

பழைய காலத்தில் ஒரு புலவனின் நூலை அரங்கேற்ற ஒரு அரசன் இருந்தான். பிற்காலத்தில் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கும் ஆயிரமாயிரம் வாசகர்கள் வந்தார்கள். அரசர்கள் ஓய்ந்து, வாசகர்கள் இன்னும் எழாத இடைக்காலத்தில் பாரதியார் தம் மூட்டையை அவிழ்த்தார். இதைக் காலத்தின் குற்றம் என்று சொல்லிவிடலாம். நாம் அப்படிச் சொல்லச் சம்மதியோம். கிருஷ்ணசாமி ஐயரும் அதே காலத்தவர். நெல்லையப்பரும் அதே காலத்தவர். காலம் என்பது அப்போது இருந்த மனிதர்களே.

ஒரு கையெழுத்துப் பிரதியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் எழுத்தாளனின் மனநிலையை அனுபவித்தவர்களே அறிவார்கள். மறுப்பு வந்தால் கோபித்துக்கொள்ளலாம். திருத்தம் கேட்டால் திருத்தலாம். மௌனத்தை என்ன செய்வது? கடையம் ஒரு சிற்றூர். அங்கே தபால்காரர் வருவதும் போவதும் ஊருக்கெல்லாம் தெரியும். ஜூன் கடைசியில் கடிதம் எழுதியவர், நவம்பர் வரையில் அங்கே இருந்தார். பிறகு நாற்பது நூல் திட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்டு, ஏ. ரங்கசாமி ஐயங்கார் ஆசிரியராயிருந்த 'சுதேசமித்திர'னில் மறுபடியும் உதவியாசிரியரானார். பதினாறு வருஷத்துக்கு முன் மதுரையை விட்டுப் போய் அமர்ந்த அதே நாற்காலி என்று சொல்லலாம். தினப்பத்திரிகைக்குத் தலையங்கமும் குறிப்பும் எழுதும் வேலை. பதில் உடனுக்குடன் அச்சில் தெரியும். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வருஷம்கூட நிறையவில்லை. 1921 செப்டம்பர் 11-ந் தேதி நள்ளிரவு கடந்து, 12-ந் தேதி விடிவதற்கு முன், திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் காலமானார். வயது முப்பத்தொன்பது நிரம்பவில்லை. சுடுகாட்டுக்குச் சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பார்கள்.

கையெழுத்துப் பிரதிகள் செல்லம்மாள் கைக்கு வந்தன. இருநூறு கனவான்கள் செய்யாததை அந்த அம்மாள் செய்யத் தொடங்கினார். 1922-ல் பாரதி ஆசிரமம் என்ற பெயரில் 'சுதேச கீதங்கள்' வெளிவந்தன. பின்னர்க் கவியின் தம்பி விசுவநாதையர் முதலியோர் பாரதி பிரசுராலயம் நிறுவி வேலையை மேற்கொண்டார்கள். 1928-ல் பர்மா சர்க்காரைப் பின்பற்றிச் சென்னை சர்க்கார் அந்நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து முழங்கினார். 1949-ல் சர்க்காரே உரிமையை வாங்கிப் பொதுச் சொத்தாக்க முற்பட்டபோது, செல்லம்மாளுக்கும் இரண்டு குமாரத்திகளுக்கும் தலைக்கு 5,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அந்நூல்கள் பரவியது அதற்குப் பிறகு. கவியின் கணக்கில் தவறியது வருஷங்கள் மட்டுமே.

இந்த வரிசையில் 'பாஞ்சாலி சபதம்' ஒன்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1912-ல் வெளியான முதற் பாகத்தில் அழைப்பும் சூதாட்டமும் இருக்கின்றன. திரௌபதியைச் சபைக்கு இழுப்பதும், துகிலுரிதலும், அவள் கூந்தலை விரித்துச் சபதம் செய்வதும் இரண்டாம் பாகத்தில். அது பெட்டியிலேயே இருந்துவிட்டது. கவி மறைந்து மூன்று வருஷம் கழித்து 1924-ல் அச்சாயிற்று. முதற் பாகத்தை வாங்கிப் படித்த வாசகன், அந்தச் சபதத்தைக் கேட்கப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.